‘அறிவோம்’ என்றவரும் ‘அறியேன்’ என்றவரும்
யோவான் நற்செய்தியின் பாத்திரப் படைப்பு

பொருளை அறிதல் வேறு. ஆளை அறிதல் வேறு. ஒரு கல்லை நிறுத்தும் அளந்தும் உடைத்தும் பார்த்து அதன் இயல்பு இன்னது என்று சொல்லிவிடலாம். மனிதரை அவ்வாறு அறிதல் இயலாது. ஒருவர் தம்மைத் தாமே காட்டினாலன்றிப் பிறர் அவரை அறிய வழியில்லை. அப்படிக் காட்டுவதும் ஒரே நாளில் நிகழ்ந்து முடிவதன்று.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. பண்புடையாரோடு கொள்ளும் நட்பு, படிக்குந்தோறும் புதுநயம் தரும் நூலைப் போன்றது என்று திருவள்ளுவர் 79ஆம் அதிகாரத்தில் உவமை கூறினார். 111ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கற்குந்தோறும் முன்னிருந்த அறியாமை புலனாவது போல, அன்புக்குரியவரை நெருங்குந்தோறும் இதுவரை அறியாதிருந்தது புலனாகும் என்றார். ஆளை அறிதல் முற்றுப்பெறாத வினை என்பதே இவ்விரண்டு குறள்களின் உட்பொருள்.

இந்த உண்மையை ஒரு முழு நூலின் கட்டுக்கோப்பாகவே அமைத்துக் காட்டிய படைப்பு ஒன்று உண்டு. அதுவே புதிய ஏற்பாட்டில் நான்காவதாக நிற்கும் யோவான் நற்செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மொழியில் இந்நூல் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. அதிகாரங்கள் 21. சமய நூலாகவே பயிலப்பட்டு வருவதால் இதன் இலக்கிய அமைப்பு பலருடைய கண்ணிற்கும் படாமல் போகின்றது. இயேசுவைப் பற்றிய சமயக் கோட்பாட்டை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மனிதர் அவரைப் படிப்படியாக அறிந்த வகையை நூலாசிரியர் எம்முறையில் காட்டுகின்றார் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விடை முன்னே, வினா பின்னே

நூலின் தொடக்கமே வியப்புக்குரியது. இயேசு யார் என்பதை முன்னுரையாக அமைந்த முதல் 18 வசனங்களிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகின்றார். கதையில் வரும் எவருக்கும் அம்முன்னுரை தெரியாது. படிப்போருக்கு மட்டுமே தெரியும். ஆகவே படிப்போர் உயர்ந்த மேடையொன்றில் அமர்ந்து கீழே தடுமாறுவோரைப் பார்த்து நகைக்கும் நிலையில் உள்ளனர். ‘இவர்களுக்கு இன்னும் விளங்கவில்லையே’ என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுகின்றது.

அவ்வெண்ணத்தை நூல் பின்னர் மெல்லத் தகர்க்கின்றது. விடை தெரிந்திருத்தலே அறிதலாயின் நூல் 18 வசனங்களோடு முடிந்திருக்கலாம். எஞ்சிய அதிகாரங்கள் எதற்கு? ஒருவருடைய பட்டத்தைத் தெரிந்துகொள்வது அவரைத் தெரிந்துகொள்வதாகாது என்பதை உணர்த்தவே அவை எழுதப்பட்டன எனலாம். விடையைப் பார்த்து எழுதிய மாணவனுக்குக் கணக்கு விளங்கியதாகுமா?

மொழியமைப்பிலும் இதற்குச் சான்று உண்டு. ‘அறிவு’ என்று பொருள்படும் ‘க்னோசிஸ்’ என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல் இந்நூலில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் ‘அறி’ என்று பொருள்படும் இரண்டு வினைச்சொற்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றன. ‘நம்பிக்கை’ என்னும் பெயர்ச்சொல்லின் நிலையும் இதுவே. பெயர் ஒருமுறையும் இல்லை. ‘நம்பு’ என்னும் வினை 90க்கும் மேற்பட்ட முறை வருகின்றது. பெயர்ச்சொல் முடிந்த பொருளைக் குறிக்கும். வினைச்சொல் நடைபெறுவதைக் குறிக்கும். அறிவைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் உடைமையாகக் கருதாமல், நடந்துகொண்டேயிருக்கும் செயலாக ஆசிரியர் கருதினார் என்பது இதனால் பெறப்படும்.

இன்னொரு வினையும் நோக்கத்தக்கது. ‘தங்கு’, ‘நிலைத்திரு’ என்னும் பொருளுடைய வினை இந்நூலில் ஏறத்தாழ 40 முறை வருகின்றது. முதல் அதிகாரத்தில் சீடர் இருவர் இயேசுவை நோக்கிக் கேட்கும் முதற்கேள்வி, அவருடைய கொள்கை யாது என்பதன்று. அவர் எங்கே தங்குகின்றார் என்பதே. வந்து பார்க்குமாறு அவர் அழைக்கின்றார். அவர்களும் சென்று அன்று அவரோடு தங்குகின்றனர். அது பத்தாம் மணி வேளை என்று ஆசிரியர் நேரத்தையும் குறிக்கின்றார். இக்காலக் கணக்கில் பிற்பகல் நான்கு மணி. அறிவதற்கு முன் தங்க வேண்டும் என்பது நூலின் முதல் பாடம்.

இரவில் வந்தவர்

மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமு வருகின்றார். பரிசேயர் குழுவைச் சேர்ந்தவர்; யூதர் தலைவருள் ஒருவர்; கற்றவர். மற்ற மூன்று நற்செய்திகளிலும் இவர் இல்லை. இரவில் வரும் இவர் பேசத் தொடங்கும்போதே ‘அறிவோம்’ என்று பன்மையில் தொடங்குகின்றார். இயேசு கடவுளிடமிருந்து வந்த போதகர் என்பதைத் தாமும் தம்மைச் சார்ந்தவரும் அறிவதாகக் கூறுகின்றார். பாராட்டுரைதான், ஆனால் முடிவுரையும் அதுவே. இனி அறிய வேண்டியது ஒன்றுமில்லை என்பது போன்ற தொனி அதில் ஒலிக்கின்றது.

இயேசு அப்பாராட்டை ஏற்று மகிழவில்லை. மீண்டும் பிறத்தலைப் பற்றிப் பேசி அவருடைய ‘அறிவோம்’ என்னும் நிலையைக் கலைக்கின்றார். நிக்கொதேமுவின் வாயிலிருந்து அதன்பின் வருபவை எல்லாம் வினாக்களே. இது எங்ஙனம் கூடும் என்று திகைக்கின்றார். பிறகு பேச்சே இல்லை. அவர் எப்போது எழுந்து போனார் என்றுகூட ஆசிரியர் சொல்லவில்லை. இருளில் வந்தவர் இருளிலேயே மறைந்தார் என்று படிப்போர் தீர்ப்பளிக்கின்றனர். ‘அஞ்சியவர், கோழை’ என்னும் முத்திரையும் விழுந்துவிடுகின்றது.

ஏழாம் அதிகாரத்தில் அவர் மீண்டும் தோன்றுகின்றார். இயேசுவைப் பிடிக்கச் சென்ற காவலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். தலைவர்கள் சினந்து பேசுகின்றனர். அப்போது நிக்கொதேமு ஒரே ஒரு வினாவை எழுப்புகின்றார். ஒருவர் சொல்வதைக் கேளாமலும் அவர் செய்வதை அறியாமலும் அவருக்குத் தீர்ப்பளிக்கச் சட்டம் இடந்தருகின்றதா என்பதே அவ்வினா. இங்கும் ‘அறி’ என்னும் வினை வருதல் காண்க. அன்று ‘அறிவோம்’ என்று முடித்தவர் இன்று ‘அறியாமல் தீர்க்கலாமா’ என்று கேட்கின்றார். இது சிறிய மாற்றமன்று. தம் குழுவினரின் ஏளனத்தையும் அவர் தாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் முறையாக 19ஆம் அதிகாரத்தில் வருகின்றார். இயேசு சிலுவையில் இறந்துவிட்டார். நெருங்கிய சீடருள் பலர் அங்கில்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு உடலைக் கேட்டுப் பெறுகின்றார். நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து 100 இராத்தல் நிறையளவு கொண்டுவருகின்றார். அக்கால உரோம நிறையின்படி அது இன்றைய ஏறத்தாழ 33 கிலோவுக்குச் சமம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. முன்பு இரவில் வந்தவர் இவரே என்று ஆசிரியர் நினைவூட்டுவது மட்டும் போதுமானதாகின்றது. ‘அறிவோம்’ என்ற கூற்று வினாவாகி, வினா செயலாகிவிட்டது. மூன்றாம் அதிகாரத்தோடு அவரைத் தீர்த்துவிட்ட படிப்போரே இப்போது தம் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

நண்பகலில் வந்தவள்

நிக்கொதேமுவை அடுத்து நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணை நிறுத்தியது ஆசிரியரின் திறன். அவர் ஆடவர், இவள் பெண்; அவருக்குப் பெயர் உண்டு, இவளுக்கு இல்லை; அவர் கற்ற யூதர், இவள் யூதர் பழகாத சமாரிய இனத்தினள்; அவர் வந்தது இரவு, இவள் வந்தது நண்பகல்.

யாக்கோபின் கிணற்றருகே நிகழும் உரையாடலில் அவள் இயேசுவைக் குறிக்கும் சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தல் வேண்டும். முதலில் அவர் அவளுக்கு ஒரு யூதர், அஃதாவது பகையினத்தார். அடுத்து மரியாதைக்குரிய ஐயா. பின், தம் முன்னோனாகிய யாக்கோபினும் பெரியவரோ என்னும் ஐயம். பின் தீர்க்கதரிசி. இறுதியில், இவர் மெசியாவாக இருப்பாரோ என்று ஊராரிடம் வினாவாகவே வைக்கின்றாள். ஒரு நண்பகலுக்குள் ஐந்து படிகள்! ஒவ்வொரு படியிலும் முன்படி பொய்யாகவில்லை, போதாததாகிவிடுகின்றது. இதுவே அறிதல் வளரும் இயல்பு.

தமிழில் இந்நூலைப் பயில்வோர் இங்கு ஒன்று கவனித்தல் வேண்டும். கிரேக்கத்தில் ‘கூரியே’ என்னும் ஒரே விளி, வழியில் காணும் பெரியவரை அழைக்கவும் பயன்படும். இறைவனை அழைக்கவும் பயன்படும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கிணற்றருகே முதன்முறை அச்சொல் வரும்போதே ‘ஆண்டவரே’ என்று ஆக்கிவிடுகின்றது. முன்பின் அறியாத ஒருவரை எடுத்த எடுப்பில் ஆண்டவர் என்று எந்தப் பெண் அழைப்பாள்? 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அவ்விடத்தில் ‘ஐயா’ என்று பெயர்த்தது. ஒரு விளிச்சொல்லின் வேறுபாடுதான். ஆயினும் பழைய பெயர்ப்பில் மறைந்து கிடந்த வளர்ச்சி புதிய பெயர்ப்பில் வெளிப்படுகின்றது. பக்தி மிகுதியால் படிகளை மறைப்பதும் ஒருவகைப் பிழையே.

அப்பெண்ணைப் பற்றிய வழக்கமான தீர்ப்பும் மறு ஆய்வுக்கு உரியது. அவளுக்கு ஐந்து கணவர் இருந்தனர் என்றும் இப்போது உடனிருப்பவன் கணவன் அல்லன் என்றும் இயேசு கூறுகின்றார். இதனைக் கொண்டு அவளை ஒழுக்கங்கெட்டவள் என்று உரைகாரர் பலர் எழுதினர். ஐவரும் இறந்தனரா, தள்ளிவிட்டனரா என்று மூலம் கூறவில்லை. மணமுறிவு பெரும்பாலும் ஆடவர் கையில் இருந்த காலம் அது. அவள் பழிக்குரியவளோ, இரக்கத்திற்குரியவளோ? மூலம் தீர்ப்பளிக்கவில்லை, இயேசுவும் கடிந்துரைக்கவில்லை. தீர்ப்பளித்தவர் படிப்போரே. ஆளை அறியாமுன் தீர்த்தல் கூடாது என்னும் நிக்கொதேமுவின் வினா அவர்களையும் நோக்கியதாகும்.

ஊரார் அவள் சொல் கேட்டு வருகின்றனர். இயேசுவைத் தங்குமாறு வேண்டுகின்றனர். அவர் இரண்டு நாள் தங்குகின்றார். அதன்பின், இனி அவள் சொன்னதற்காக அன்று, தாமே கேட்டு அறிந்துள்ளதாக அவர்கள் கூறுகின்றனர். நிக்கொதேமு சொன்ன அதே ‘அறிவோம்’ என்னும் சொல் மீண்டும் வருகின்றது. அங்கே அது தங்குவதற்கு முன் சொல்லப்பட்டது. இங்கே தங்கிய பின் சொல்லப்படுகின்றது. சொல் ஒன்றே, அதன் பின்னுள்ள இரண்டு நாட்களே வேறுபாடு.

முகம் காணாமல் அறிந்தவன்

ஒன்பதாம் அதிகாரம் இந்நூலின் மிகச் சிறந்த நாடகப் பகுதி. பிறவிக் குருடன் ஒருவனின் கண்களில் இயேசு சேறு பூசி, சீலோவாம் குளத்தில் கழுவி வருமாறு அனுப்புகின்றார். அவன் கழுவிப் பார்வை பெறுகின்றான். ஆனால் பார்வை பெற்ற இடத்தில் இயேசு இல்லை. தன்னைக் குணமாக்கியவரின் குரலை அறிந்தவன், முகத்தை அறியான்.

அயலார் வினவுகின்றனர், பரிசேயர் வினவுகின்றனர், பெற்றோரும் இழுத்து வரப்படுகின்றனர். அவர்களோ அஞ்சி, மகனே வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்குகின்றனர். இவ்வளவும் நிகழும்போது இயேசு அரங்கில் இல்லை. வியப்பு யாதெனின், அவர் இல்லாத அந்த வேளையில்தான் அவரைப் பற்றிய அவனுடைய அறிவு வளர்கின்றது. முதலில் இயேசு என்னப்பட்ட ஒரு மனிதர், அடுத்துத் தீர்க்கதரிசி, பின் கடவுளிடமிருந்து வந்தவர். ஒவ்வொரு விடையையும் அவனிடமிருந்து பிடுங்கியவர் எதிரிகளே. நெருக்கிக் கேட்கும் வினா, உண்மையாளனின் அறிவைச் சிதைப்பதில்லை, கூர்மையாக்குகின்றது.

அவன் பேச்சில் மீண்டும் மீண்டும் வரும் சொல் ‘அறியேன்’ என்பது. குணமாக்கியவர் எங்கே என்றால் அறியேன் என்கின்றான். அவர் பாவியா என்றால் அதுவும் அறியேன் என்கின்றான். குருடனாயிருந்தவன் இப்போது காண்கின்றேன் என்னும் ஒன்றை மட்டும் அறிவேன் என்கின்றான். அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே இவ்வளவு நேர்மையாக எல்லை வகுத்தவன் இந்நூலில் வேறொருவன் இல்லை.

எதிரே நிற்போர் பேச்சில் மீண்டும் மீண்டும் வருவது ‘அறிவோம்’ என்பது. தொடக்கத்தில் அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது, சிலர் ஐயுற்றனர். வரவர அவ்வையம் மறைந்து உறுதி இறுகுகின்றது. இவன் பாவி என்று அறிவோம் என்கின்றனர். மோசேயோடு கடவுள் பேசியதை அறிவோம் என்கின்றனர். இறுதியில் அவனை வெளியே தள்ளுகின்றனர். ‘அறியேன்’ என்றவன் ஒளியை நோக்கி நடக்கின்றான். ‘அறிவோம்’ என்றவர் இருளை நோக்கிப் பின்னடைகின்றனர். ஒரே அதிகாரத்தில் எதிரெதிராகச் செல்லும் இரு பாதைகளை அமைத்த திறம் எந்நாட்டு நாடக ஆசிரியரும் போற்றத்தக்கது.

தள்ளப்பட்டவனை இயேசு தேடி வருகின்றார். அவன் அவர் முகத்தைக் காண்பது அப்போதுதான். அங்கும் ‘ஐயா, யார் அவர்’ என்னும் பொருள்படவே வினவுகின்றான், பின்னரே வணங்குகின்றான். அதே ‘கூரியே’ என்னும் விளி இரண்டு வசன இடைவெளியில் ‘ஐயா’ என்பதிலிருந்து ‘ஆண்டவரே’ என்பதாக உயர்ந்துவிடுகின்றது.

தோமாவின் மேல் விழுந்த முத்திரை

ஒரே காட்சியைக் கொண்டு ஒருவரை முடிவு கட்டும் பிழைக்குப் பெரிதும் இரையானவர் தோமா. மேலைநாட்டு மொழிகளில் ஐயப்படுவோர்க்கு அவர் பெயரே அடைமொழியாகிவிட்டது. அவர் இந்தியாவுக்கு வந்து மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது தென்னாட்டுக் கிறித்தவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் மரபு. அத்தமிழ் மண்ணிலும் ‘சந்தேகத் தோமா’ என்றே அவர் குறிக்கப்படுகின்றார்.

மற்ற நற்செய்திகளில் தோமா பட்டியலில் உள்ள ஒரு பெயர் மட்டுமே. அவருக்குப் பேச்சைக் கொடுத்தவர் யோவானே. 11ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குத் திரும்பினால் உயிருக்கு இடர் என்று மற்றவர் தயங்குகையில், அவரோடு சென்று தாமும் சாவோம் என்று துணிந்தவர் தோமா. 14ஆம் அதிகாரத்தில், இயேசு போகுமிடத்தின் வழியைச் சீடர் அறிவர் என்று சொன்னபோது, போகுமிடமே அறியோம், வழியை எப்படி அறிவோம் என்று வெளிப்படையாகக் கேட்டவரும் அவரே. மற்றவர்க்கும் தெரியாது, அவர்கள் வாய் திறக்கவில்லை. 20ஆம் அதிகாரத்தில், காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்கின்றார்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தோமா யார்? அன்பால் சாவுக்குத் துணிந்தவர். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டத் தெரியாதவர். பிறர் சொல்லைக் கொண்டு தாம் அறிந்ததாக எண்ண மறுத்தவர். பட்டியலில் ஒரு குறையாகக் காட்டப்படுவது உண்மையில் அவருடைய நேர்மையே. அந்நேர்மைதான் அவரை நூலின் உச்சத்திற்குக் கொண்டுசெல்கின்றது. முன்னுரையில் ஆசிரியர் இயேசுவுக்குச் சூட்டிய மிக உயர்ந்த பெயரை, கதையின் உள்ளிருந்து முழுமையாகச் சொல்பவர் தோமா ஒருவரே. அவர் உண்மையில் தொட்டார் என்று மூலம் கூறவில்லை என்பதும் அறியத்தக்கது. காயங்கள் காட்டப்பட்டதே போதுமானதாயிற்று. ஒருவரை அவர் புகழால் அறிவதினும் அவர் பட்ட காயங்களால் அறிவது ஆழமானது என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

உடனிருத்தல் மட்டும் போதுமா?

அவ்வாறாயின், நெடுநாள் உடனிருந்தால் அறிவு தானே வளருமோ? வளராது என்பதற்கும் நூல் சான்று தருகின்றது. இவ்வளவு காலம் உடனிருந்தும் தம்மை அறியவில்லையா என்று 14ஆம் அதிகாரத்தில் பிலிப்புவைப் பார்த்து இயேசு கேட்கின்றார். யூதாசோ பணப்பையையே சுமந்தவன். அதே பந்தியில் உண்டவன். இறுதியில் எழுந்து இரவுக்குள் போனவன். காலம் வாய்ப்பைத் தரும், அறிவைத் தாராது.

பின் அறிவைத் தருவது யாது? அறியப்படுவதற்கு ஒருவர் இடங்கொடுத்தலே என்று நூல் விடை கூறுகின்றது. இயேசு முதலில் மனிதரை அறிகின்றார். மனிதர் அவரை அறிவது அதன் பின்னரே. அத்திமரத்தடியில் இருந்த நாத்தான்வேல், தம்மை எப்படி அறிவீர் என்று கேட்டே தொடங்குகின்றார். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் எதிரில் நிற்பவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணுகின்றாள். கண் காட்டிக் கொடுக்கவில்லை. தன் பெயரைச் சொல்லி அழைக்கக் கேட்ட செவியே காட்டிக் கொடுத்தது.

பேதுருவின் கதை இதன் முழு விளக்கம். 13ஆம் அதிகாரத்தில், உயிரையும் தருவேன் என்று தம்மைத் தாமே அறிந்தவர் போலப் பேசியவர் அவர். 18ஆம் அதிகாரத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி மும்முறை மறுத்தார். 21ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அக்கிரேக்கச் சொல் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகின்றது. மறுத்தது மும்முறை, அன்பு உண்டா என்னும் வினாவும் மும்முறை. பேதுரு இப்போது தம் உறுதியை எடுத்துக்காட்டவில்லை. தம் அன்பை நீரே அறிவீர் என்று அவரிடமே விட்டுவிடுகின்றார். தம்மை அறிவதாக எண்ணியவர், தாம் அறியப்பட்டிருப்பதில் அமைதி பெறுகின்றார். பிறரை அறிதலும் தன்னை அறிதலும் ஒன்றாய் வளரும் என்பது இதனால் விளங்கும்.

நூலில் ஒரு குறை

இத்துணைச் சிறந்த நூலிலும் திறனாய்வாளர் மறைக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. இயேசுவை எதிர்த்தவரைப் பல இடங்களில் ‘யூதர்’ என்னும் பொதுப்பெயராலேயே ஆசிரியர் குறிக்கின்றார். தனி மனிதர்க்குப் படிப்படியான வளர்ச்சியைக் காட்டிய அதே எழுத்தாணி, ஓர் இனப்பெயருக்கு ஒரே குரலையும் ஒரே முகத்தையும் தந்துவிட்டது. அவ்வாறு எழுதியதற்கு அக்காலப் பிணக்குகள் காரணமாகலாம். ஆயினும் பிற்காலத்து ஐரோப்பாவில் யூத மக்கள்மேல் வெறுப்பை வளர்த்தவர்கள் இத்தகைய இடங்களைப் படைக்கலமாகக் கொண்டனர் என்பது வரலாறு. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பழித்தல் தகாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இக்குறைக்கு மருந்தும் நூலுக்குள்ளேயே இருக்கின்றது. இயேசுவும் யூதரே என்பதைச் சமாரியப் பெண் முதற்பேச்சிலேயே சொல்லிவிடுகின்றாள். நிக்கொதேமு யூதர், யோசேப்பு யூதர், பேதுருவும் தோமாவும் மரியாளும் யூதரே. கூட்டத்தைப் பெயரிட்டுப் பழிப்பவர் எவரையும் அறிவதில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வரும்போது அவரோடு தங்குபவரே அறிகின்றார். நூலின் ஒரு பகுதியிலுள்ள பிழையை மற்றொரு பகுதி கொண்டு திருத்திப் படிப்பதே நல்ல படிப்பு.

காணாதார் அறிவது எப்படி?

ஒரு வினா எஞ்சுகின்றது. தங்கியவரே அறிவர் என்றால், நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்தோர் என் செய்வது? இந்நூலின் முதற் படிப்போரிலேயே பெரும்பாலோர் இயேசுவைக் கண்டிராதவர். அவர்களை எண்ணியே, காணாமல் நம்புவோரை வாழ்த்தும் கூற்றைத் தோமாவின் காட்சியிறுதியில் ஆசிரியர் வைத்தார். அதனை அடுத்தே தம் நூல் எழுதப்பட்ட நோக்கத்தையும் கூறினார். நேரில் தங்க இயலாதவர் தங்குவதற்கென்றே கட்டப்பட்ட வீடு இந்நூல்.

கண்டு பழகாமலும் ஒருவரை அறியக்கூடும் என்பதைத் தமிழர் மறுக்கார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. வடக்கிருந்த சோழன், பாண்டி நாட்டுப் புலவர் வந்தே தீருவார் என்று அவர்க்கு இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார். பழகுதலினும் ஒத்த உணர்ச்சியே நட்புக்கு உரிமை தரும் என்னும் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். காணாத ஒருவர்க்கு இடம் ஒதுக்கி வைத்தலும் ஒருவகை அறிதலே.

இந்நூலைப் பாடமாகவோ பக்தியாகவோ படிப்போர், பாத்திரங்களுக்கு ஒரு சொல்லில் பெயரிடும் வழக்கத்தை விட்டொழித்தல் நன்று. ‘கோழை நிக்கொதேமு’, ‘சந்தேகத் தோமா’, ‘ஒழுக்கங்கெட்ட சமாரியப் பெண்’ என்னும் முத்திரைகள் எல்லாம் நூலைப் பாதியில் மூடியவர் இட்டவை. கடைசி அதிகாரம்வரை படித்தவர் அவற்றைத் தாமே அழித்துவிடுவர். வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் மாணவனுக்கும், அடுத்த வீட்டில் இருப்பவர்க்கும், ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்க்கும் இட்ட முத்திரைகளும் அத்தகையனவே. அவர்களுடைய 19ஆம் அதிகாரம் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம்.

தம் நூலில் எழுதாதன இன்னும் பல உண்டு என்று சொல்லியே யோவான் எழுதுகோலைக் கீழே வைக்கின்றார். ஆளை அறிந்தவர் எழுதும் நூல் வேறு எவ்வாறு முடியும்?